யார்டு விளக்குகளுக்கு நடுவே ஒரு கிரகணம்: மொட்டை மாடிக்கான குறிப்புகள்

சென்னை பேசின் பிரிட்ஜில் இருந்துகொண்டு வானத்தைப் பார்ப்பதா என்று இங்கே பிறந்து வளர்ந்தவர்களே கேட்பார்கள். ஒரு பக்கம் ரயில் யார்டின் ஹைமாஸ்ட் விளக்குகள், இன்னொரு பக்கம் துறைமுக வெளிச்சம், வடக்கே மணலி, எண்ணூர்ப் புகை. பால்வீதி தெரிய வேண்டும், வால்நட்சத்திரத்தின் மெல்லிய வால் தெரிய வேண்டும் என்றால் அவர்கள் கேட்பது நியாயம்தான். அதற்கு ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் மாதிரி இருட்டான ஊருக்குத்தான் போக வேண்டும். கிரகணம் அப்படியில்லை. எந்தத் தெருவிளக்கும் சூரியனையும் சந்திரனையும் மறைத்துவிட முடியாது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, மூலக்கொத்தளம் மாடிகளிலிருந்து பார்க்கும் கிரகணம் மலையுச்சியில் பார்ப்பதற்குக் குறைந்ததல்ல. வேண்டியதெல்லாம் கொஞ்சம் முன்யோசனை, நாலு பேர் துணை, வீட்டில் கிடக்கும் சில பொருட்கள்.

1. முதலில் தேதிகளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். 2027 ஆகஸ்ட் 2 சூரிய கிரகணம் எகிப்தின் லக்சாரில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழு கிரகணமாகத் தெரியப்போகிறது. நமக்கு அது மாலை வேளையில் பகுதிக் கிரகணம். மேற்குப் பக்கம் அடைப்பில்லாத மாடி வேண்டும். 2031 மே 21 அன்று வருவது மதுரை வழியாகச் செல்லும் வளையக் கிரகணம். சென்னையில் சூரியனின் பெரும்பகுதி மறையும், அதுவும் உச்சிப்பொழுதை ஒட்டி.

இரண்டுக்கும் நடுவில் வருவதைத்தான் தவற விடக்கூடாது. 2028 டிசம்பர் 31, புத்தாண்டுக்கு முந்தைய இரவு, முழுச் சந்திர கிரகணம். சுமார் 8.38 மணிக்கு நிலவின் ஓரத்தில் நிழல் விழத் தொடங்கும். 9.46 முதல் 10.58 வரை நிலா முழுவதும் நிழலுக்குள் இருக்கும். நள்ளிரவு 12 மணி தாண்டி ஆறு நிமிடம் ஆகும்போது நிழல் முழுதாக விலகும். அதாவது, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் புத்தாண்டுக்கு ஹாரன் அடிக்கும்போது நிலவின் ஓரத்தில் இன்னும் ஒரு கீற்று நிழல் மிச்சமிருக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் நள்ளிரவு ஆராதனைக்குப் போகிறவர்கள் நிலா சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டே கிளம்பலாம்.

2. டெலஸ்கோப் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. டெலஸ்கோப் வைத்திருக்கும் வானியல் ஆர்வலர்களை உங்கள் மாடிக்கு அழையுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் இப்படிப் பல கிரகணங்களைக் காட்டியிருக்கிறார்கள். கோட்டூர்புரத்தில் உள்ள பிர்லா கோளரங்கத்திலும் விசாரிக்கலாம். கிரகணத்துக்கு முந்தைய வாரம் கேட்டால் எல்லாரும் ஏற்கெனவே எங்காவது ஒப்புக்கொண்டிருப்பார்கள். இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். மாடி எவ்வளவு பெரியது, படிக்கட்டு எவ்வளவு அகலம், எத்தனை பேர் வருவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சென்னையில் இந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மெட்ராஸ் வானோக்ககத்தின் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கப்போவதைச் சாதாரண மக்களுக்கு விளக்கி ஒரு சிறு நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் அதைக் கொண்டுவந்தார். லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரான முதல் இந்தியர் அவர். தனக்குத் தெரிந்ததை ஊருக்கும் சொல்ல வேண்டும் என்ற அவருடைய அக்கறையை நான் அவரது கண்டுபிடிப்புகளுக்கும் மேலாக மதிக்கிறேன். அதே வெள்ளிக் கடப்பு 2004 ஜூன் 8 அன்றும் 2012 ஜூன் 6 அன்றும் நம் வானத்தில் நடந்தது. அடுத்தது 2117-இல். அந்த இரண்டு நாளும் வேலை இருக்கிறது என்று வெளியே வராமல் இருந்தவர்களுக்கு இனி அது கிடைக்காது.

3. மாடியில் எங்கே உட்காருவது என்பதை ஒரு வாரம் முன்பே, இரவில் ஏறிப் பார்த்து முடிவு செய்யுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் சரியான இடம். ஹைமாஸ்ட் விளக்கு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் தொட்டியின் பின்னால் போய் நில்லுங்கள். கறுப்புத் தொட்டி நேர்வெளிச்சத்தைத் தடுத்துத் தரையில் ஒரு பட்டை இருட்டை உண்டாக்கியிருக்கும். நாலைந்து பேர் தாராளமாக உட்காரலாம். தொட்டி இல்லாத மாடியில் இரண்டு கொடிக் கம்பங்களுக்கு நடுவே பழைய போர்வையைக் கட்டினாலும் போதும். கொடிக் கயிறு, கேபிள் ஒயர், ஆன்டெனாவில் சிக்கிக் கிடக்கும் பட்ட நூல் எல்லாவற்றையும் பகலிலேயே அகற்றிவிடுங்கள். இருட்டில் கழுத்து மட்டத்தில் ஒரு கயிறு இருப்பது ஆபத்து.

4. பக்கத்து மாடிக்காரர்களிடம் டியூப் லைட்டை அணைக்கச் சொல்வதைவிட, அவர்களையும் பார்க்கக் கூப்பிடுங்கள். விளக்கு தானாக அணையும்.

5. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவில் சூட்டைக் கக்கும். அந்தச் சூடான காற்று மேலே எழும்போது டெலஸ்கோப்பில் நிலவின் விளிம்பு நெளிந்து நெளிந்து தெரியும். மாலை ஐந்து மணிக்கே துணி அலசிய தண்ணீரைத் தளத்தில் ஊற்றிவிடுங்கள். குடிநீரை வீணாக்க வேண்டாம். ஆட்கள் வருவதற்குள் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பாசி பிடித்த மூலைகளைத் தேய்த்து விடுங்கள். மார்கழி இரவுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது, ஆகஸ்டுக்கும் மே மாதத்துக்கும் அவசியம்.

6. நம் பகுதிக்கே உரிய தொல்லை ரயில் அதிர்வு. சென்ட்ரலிலிருந்து வடக்கே கூடூர் பக்கம் போகும் பாதையும் மேற்கே அரக்கோணம் பக்கம் போகும் பாதையும் இங்கேதான் பிரிகின்றன. யார்டில் வண்டிகள் இரவெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும். சரக்கு ரயில் ஒன்று கடக்கும்போது ஐபீஸில் கண் வைத்திருந்தால் நிலவின் பள்ளங்கள் எல்லாம் சேர்ந்து நடுங்குவதைப் பார்க்கலாம். பெட்டிகள் எல்லாம் போன பிறகும் சில நொடிகள் அந்த நடுக்கம் இருக்கும். ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் கீழே பழைய ரப்பர் செருப்பின் அடிப்பகுதியை வெட்டி, இரண்டு அடுக்காக வையுங்கள். ஸ்டாண்டின் கால்களை முழு நீளத்துக்கு இழுக்காமல் பாதி உயரத்தில் நிறுத்தி, நடுவில் ஒரு பையில் இரண்டு செங்கல்லைத் தொங்கவிட்டால் நடுக்கம் இன்னும் அடங்கும். தளத்தின் நடுப்பகுதியைவிடச் சுவர் ஏறி வரும் ஓரத்தில்தான் ஆட்டம் குறைவு. பிள்ளைகள் ஓடி விளையாட வேறு மாடியைக் காட்டுங்கள்.

7. 2028 கிரகணத்தன்று நிலா கிழக்கில் நன்றாக உயர்ந்து, நள்ளிரவில் ஏறக்குறைய தலைக்கு மேலே வந்துவிடும். பக்கத்து அடுக்குமாடி மறைக்குமே என்ற கவலை வேண்டாம், கழுத்துவலிதான் கவலை. கோரைப்பாயும் தலையணையும் கொண்டு போய் மல்லாந்து படுத்துவிடுங்கள். பாயின் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் ஈரம் ஏறாது. பெரியவர்களுக்குச் சாய்வு நாற்காலி, காதுக்கு மப்ளர். பைனாகுலர் உள்ளவர்கள் மாப் குச்சியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் துணிப்பக்கத்தின் மேல் பைனாகுலரை வைத்துப் பாருங்கள். கை நடுக்கம் காணாமல் போகும்.

8. டார்ச்சின் முகத்தில் சிவப்பு ஜிகினாத்தாளோ செலோபேன் காகிதமோ இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போடுங்கள். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒருவர் செல்போன் டார்ச்சை அடித்தால் அத்தனை பேரின் கண்ணும் பழைய நிலைக்குப் போய்விடும். சிவப்பு வெளிச்சம் அந்தப் பழக்கத்தை அதிகம் கெடுக்காது. படிக்கட்டுக்கும் அதே சிவப்பு விளக்கு ஒன்று.

9. கடற்காற்றின் உப்பும் சாலைத் தூசியும் லென்ஸில் படியும். வேட்டி முனையாலோ முந்தானையாலோ துடைத்தால் தூசித் துகளே லென்ஸைக் கீறிவிடும். ரப்பர் பல்பு இருக்கும் மருந்தூதியால் ஊதித் தள்ளிவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் மென்மையான பிரஷ். பனி படிந்தால் துடைக்காமல் மூடி போட்டுக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திறக்கலாம்.

10. கொசுவுக்கு வேப்பிலைப் புகை போடாதீர்கள். பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கத்து வீடுகளில் அது வழக்கம்தான், ஆனால் புகை லென்ஸில் படியும், வானத்தையும் மறைக்கும். முழுக்கைச் சட்டையும் சாக்ஸும் போதும். க்ரீம் தடவினால் விரல்களை நன்றாகத் துடைத்துவிட்டு வரிசையில் வாருங்கள்.

11. வரிசை ஒழுங்கு முக்கியம். பார்க்கிறவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். டெலஸ்கோப்பைப் பிடித்தால் நிலா காட்சியை விட்டு ஓடிவிடும். சிறு பிள்ளைகளுக்கு அசையாத முக்காலி. தூரப்பார்வை, கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட்டு, காட்டுகிறவரிடம் போகஸைச் சரிசெய்யச் சொல்லலாம். மாடி ஏற முடியாத பாட்டி, தாத்தாவுக்குக் கீழே தெருவில் ஒரு நாற்காலி போடுங்கள். சந்திர கிரகணத்துக்கு வெறும் கண்ணே போதும், எந்தப் பாதுகாப்புக் கண்ணாடியும் தேவையில்லை.

12. சூரிய கிரகணத்துக்கு மட்டும் கண்டிப்பு வேண்டும், இதில் எந்தச் சமாதானமும் கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது. கருகும்போது எதுவும் உறுத்தாது, மறுநாள்தான் பார்வையின் நடுவில் ஒரு கறை நிற்கும்.

ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரக்குறியீடு உள்ள கிரகணக் கண்ணாடியை நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டு விளக்கைப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியக்கூடாது. ஜன்னல், ஆள், சுவர் தெரிந்தால் அது குப்பைக்கு. கீறலோ ஊசித்துளையோ இருந்தாலும் அப்படியே. எக்ஸ்ரே பிலிம், கறுப்புக் கூலிங் கிளாஸ், மெழுகுவர்த்தியில் புகை பிடித்த கண்ணாடி எதுவும் உதவாது.

நம் பகுதியில் வெல்டிங் பட்டறை இல்லாத தெரு குறைவு; அங்கே போய் முகமூடி இரவல் கேட்பார்கள். பட்டறையில் பெரும்பாலும் புழங்குவது 10, 11 எண் கண்ணாடி. சூரியனுக்கு வேண்டியது 14. கண்ணாடியின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும், பார்க்காமல் வாங்காதீர்கள்.

தட்டில் மஞ்சள் தண்ணீரோ சாணித் தண்ணீரோ வைத்து அதில் சூரியனைப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். சூரியன் உச்சியில் இருக்கும்போதே நீர்ப்பரப்பு நூற்றில் இரண்டு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. சாய்வாக இருந்தால் இன்னும் அதிகம். நல்ல கிரகணக் கண்ணாடி லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உள்ளே விடும். இரண்டுக்கும் இடையே இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரிலோ டெலஸ்கோப்பிலோ பார்ப்பதும் கூடாது. அங்கே வடிகட்டி முன்பக்க லென்ஸுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

13. சூரியனைப் பார்க்காமலே கிரகணத்தைப் பார்க்கும் வழி வீட்டில் இருக்கிறது. பூந்திக் கரண்டியை வெயிலில் பிடித்து, அதன் நிழலைத் தரையில் பாருங்கள். ஒவ்வொரு துளையும் ஒரு குட்டிப் பிறைச் சூரியனை விழவைக்கும். மாடிப்படிச் சுவரின் ஜாளி, வேப்பமர இலைகளின் இடுக்கு எல்லாம் அதே வேலையைச் செய்யும்.

கூட்டத்துக்கு இதைவிட நல்லது கண்ணாடி முறை. சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் கறுப்புத் தாளை ஒட்டுங்கள். தாளின் நடுவில் பஞ்ச் மெஷினால் ஓர் ஓட்டை. அரிசி நிரப்பிய டம்ளரில் கண்ணாடியைச் செருகி, வெயில் படும் இடத்தில் வைத்துத் திருப்பினால், படிக்கட்டின் இருண்ட சுவரில் வட்டமாக ஒரு வெளிச்சம் விழும். அது ஓட்டையின் வடிவமல்ல, சூரியனின் உருவம். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் என்ற கணக்கில் உருவம் பெரிதாகும். முப்பதடி தள்ளியிருக்கும் சுவரில் உள்ளங்கை அளவுக்கு வரும். கிரகணம் நகர நகர அதில் கடிபட்ட பகுதி வளர்வதை முழுக் குடித்தனமும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், மாடி ஏற முடியாதவர்கள் உட்பட. சூரியன் நகர்வதால் சில நிமிடத்துக்கு ஒருமுறை டம்ளரைத் திருப்ப வேண்டும். அந்தக் கண்ணாடிக்குள் யாரும் எட்டிப் பார்க்காமல் ஒரு பெரியவர் காவல் இருக்க வேண்டும். 2027-இல் மாலைச் சூரியன் சாய்ந்திருக்கும், இந்த முறைக்கு அது தோதானது. 2031-இல் சூரியன் உச்சியை ஒட்டி இருப்பதால் பூந்திக் கரண்டியே வசதி.

14. ஒத்திகை பார்க்க வருடத்துக்கு இரண்டு நாள் இயற்கையே தருகிறது. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிறுத்திவைத்த குழாய்க்கும் டம்ளருக்கும் பக்கவாட்டில் நிழலே விழாது. ஏப்ரலில் 12.07 மணி வாக்கில், ஆகஸ்டில் 12.13 வாக்கில் பாருங்கள். பிள்ளைகளை மாடிக்கு ஏற்றி, கரண்டி, அட்டை, கண்ணாடி எல்லாவற்றையும் அன்றே சோதித்துவிடலாம்.

15. கிரகண நேரத்தில் சாப்பாடு கெடாது. சமைத்தது மற்ற நாட்களில் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம் அன்றும் தாங்கும். கர்ப்பிணிகளைக் கதவடைத்து உள்ளே வைப்பதற்கும், மணிக்கணக்கில் பட்டினி போடுவதற்கும் அறிவியலில் எந்தக் காரணமும் இல்லை. பட்டினிதான் அவர்களுக்குக் கெடுதல். பெரியார் திடலில் திராவிடர் கழகத்தினர் கிரகண நேரத்தில் சிற்றுண்டி சாப்பிடுவதை ஒரு நிகழ்ச்சியாகவே நடத்தியிருக்கிறார்கள். பிறகு குளிக்க வேண்டும், கோயில் நடை திறந்த பின்தான் கும்பிட வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்களிடம் மாடியில் வைத்து வாதம் செய்யாதீர்கள். பார்க்க வந்தார்களே, அதுவே பெரிது. கிரகண நேரத்தில்தான் உலக்கை நிற்கும் என்று நிறுத்திப் பார்க்கும் வீடுகளில், மறுநாளும் அதே உலக்கையை அதே தரையில் நிறுத்திப் பாருங்கள். அன்றும் நிற்கும். மாடியில் பரிமாறச் சுண்டலும் பிளாஸ்க்கில் சுக்குக் காபியும் வசதி. எண்ணெய்ப் பலகாரம் ஐபீஸுக்கு எதிரி.

16. வெறுமனே பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வானியல் ஆர்வலர்கள் உலகம் முழுக்கச் செய்வது இதுதான். நிழலின் விளிம்பு டைகோ, கோப்பர்நிகஸ் போன்ற பள்ளங்களைத் தொடும் நேரத்தை மணி, நிமிடத்தோடு எழுதுங்கள். நிலவின் மேல் நகரும் அந்த விளிம்பு எப்போதும் வளைவாகவே இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உருண்டையான பூமியின் நிழல் அது.

நிலா முழுவதும் நிழலுக்குள் போனபின் நிறத்தைக் கவனியுங்கள். பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்றில் வளைந்து போகும் சிவப்பு ஒளிதான் அங்கே விழுகிறது. அந்தக் காற்றில் தூசி அதிகமானால் நிலா கறுக்கும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்த பிறகு, 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா மிகவும் இருண்டுபோனது. பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன் வகுத்த அளவுகோலில் 0 என்றால் நிலா இருப்பதே தெரியாத கறுப்பு, 4 என்றால் ஒளிரும் செம்பு நிறம். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓர் எண் எழுதிய பிறகு ஒப்பிடுங்கள்.

வெளிச்சத்தையும் அளக்கலாம். பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பி, பெரிய லென்ஸ் பக்கம் கண்ணை வைத்தால் நிலா ஒரு புள்ளியாகச் சுருங்கும். அதைப் பக்கத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியும் சிரியஸ் விண்மீனோடு ஒப்பிட்டு, எது பிரகாசம் என்று குறியுங்கள். விண்மீன் பிரகாசத்தை இன்று உலகம் கணக்கிடும் முறையை 1856-இல் வகுத்தவர் நார்மன் போக்சன். 1861 முதல் 1891-இல் இறக்கும்வரை மெட்ராஸ் வானோக்ககத்தின் பொறுப்பில் இருந்தவர். நிலவொளி அடங்கியதும் சுற்றிலும் விண்மீன்கள் வெளியே வரும். 2028-இல் நிலா இருக்கப்போவது திருவாதிரை நட்சத்திரப் பகுதியில். பெரியவர்கள் பெயரளவில் அறிந்த திருவாதிரை விண்மீனை அன்று செந்நிறப் புள்ளியாக நேரில் காட்டிவிடலாம்.

17. செல்போனில் படம் எடுக்க, ஐபீஸின் மேல் கேமராவை ஒட்டிப் பிடித்து, திரையில் நிலவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். மூன்று நொடி டைமர் வைத்தால் விரல் பட்டு ஆடாது. ஆளுக்கு ஒரு படம் என்று வரம்பு வையுங்கள், பின்னால் வரிசை நிற்கிறது.

18. மேகம் வரும் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவரும் நேரம்தான், ஆனாலும் வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை வந்தால் எல்லாம் மாறிவிடும். டெலஸ்கோப்பைப் போர்த்தப் பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்று கைவசம் இருக்கட்டும். சந்திர கிரகணம் மூன்றரை மணி நேரம் நடக்கும். பத்து நிமிடம் மூடினால் கலைந்து போகாதீர்கள். முழுக்க மூடிக்கொண்டால் இந்திய வானியற்பியல் நிறுவனம் போன்றவர்கள் செய்யும் நேரலையை ஒரு டிவியில் போட்டு மாடிப்படியில் கூடிப் பாருங்கள். எதற்கும் செல்போன்களையும் ஒரு எமர்ஜென்சி விளக்கையும் மாலையே சார்ஜ் போட்டுவிடுங்கள்.